கலத்துக் கழிப்பறையும் காணாக் கசிவும்

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கழிப்பறையைக் குறித்து ஒரு கட்டுரையா எனச் சிலர் வியக்கக் கூடும். காப்பியமும் கவிதையும் பேசப்பட வேண்டிய இடத்தில் குழாயும் பம்பும் எதற்கு என்று வினவவும் கூடும். அவ்வினாவிற்கு நம்முடைய விடை எளியது. ஒரு மொழி காதலையும் வீரத்தையும் மட்டும் பேசினால் போதாது. மனிதன் நாள்தோறும் எதிர்கொள்ளும் தேவைகளையும், அவற்றை நிறைவேற்றும் கருவிகளையும், அக்கருவிகள் பழுதுறும்போது செய்ய வேண்டுவனவற்றையும் அது பேசியாக வேண்டும். மேலும், நம் கடற்கரை ஊர்களிலிருந்து கப்பற் பணிக்குச் செல்லும் இளைஞர் பலர். அவர்கள் ஏறும் கலங்களில் எந்திர அறைக்கு உள்ள மதிப்பு கழிப்பறைக்கு இல்லை. எனினும் எந்திரம் ஒரு நாள் நின்றாலும் பொறுத்துக்கொள்ளும் மக்கள், கழிப்பறை ஒரு நாள் நின்றால் பொறுத்துக்கொள்வதில்லை.

இன்றைய கலங்களில் பெரிதும் பயன்படுவது வெற்றிடக் கழிப்பறை ஆகும். அஃது எவ்வாறு இயங்குகிறது, அதில் கசிவு எவ்வாறு தோன்றுகிறது, அக்கசிவை எவ்வாறு கண்டறிந்து நீக்குவது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் வரலாறும்

கப்பல் தொடர்பான சொற்கள் பல கடல் வழியாகவே தமிழுக்கு வந்தவை. மாலுமி, சுக்கான் என்னும் சொற்கள் அரபியிலிருந்தும், நங்கூரம் என்னும் சொல் பாரசீகத்திலிருந்தும் வந்தன என்பர் அகராதி அறிஞர். நம் பாட்டன்மார் வழங்கிய 'கக்கூசு' என்னும் சொல்லோ டச்சு மொழியிலிருந்து வந்தது. இதில் ஒரு பொருத்தம் உண்டு. காற்றழுத்த வேறுபாட்டைக் கொண்டு மனிதக் கழிவைக் குழாய் வழியே அகற்றலாம் என்று பெரிய அளவில் செய்து காட்டியவரும் ஒரு டச்சுப் பொறியாளரே. சார்லஸ் லியர்நூர் என்னும் அவர் அமைத்த வெற்றிடக் கழிவுக் குழாய்கள் 1870-களில் ஆம்ஸ்டர்டாம், லெய்டன் ஆகிய நகரங்களில் பயன்பட்டன. பின்னர், நீரால் அடித்துச் செல்லும் சாக்கடை முறை எங்கும் பரவவே அவை மறைந்தன.

1950-களில் சுவீடன் நாட்டுப் பொறியாளர் யோயல் லில்யெண்டால் என்பவர் அக்கருத்திற்கு மறுவாழ்வு அளித்தார். குறைந்த நீரில் இயங்கும் வெற்றிடக் கழிப்பறையை அவர் உருவாக்கினார். நீர் அருமையான இடங்களுக்கும், குழாயைச் சரிவாக அமைக்க இயலாத இடங்களுக்கும் அது மிகவும் பொருந்தியது. கப்பல் இவ்விரண்டு தன்மைகளும் ஒருங்கே உடையது அன்றோ? ஆகவே, சரக்குக் கப்பல், பயணக் கப்பல், உல்லாசப் படகு எனக் கலங்கள் பலவற்றிலும் அது இடம் பெற்றது. விமானத்தில் பறந்தோர் பேரொலியுடன் கழிவை விழுங்கும் கழிப்பறையைக் கண்டிருப்பர். நம் நாட்டு வந்தே பாரத் ரயிலில் செல்வோரும் அதே வகையைக் காண்கின்றனர். இவை யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இழுப்பதன்று, தள்ளுவது

'வெற்றிடம்' என்னும் சொல் பலருக்கும் ஒரு தவறான எண்ணத்தைத் தருகிறது. குழாயினுள் ஒன்றும் இல்லாத ஒரு வெறுமை இருந்து கழிவை உறிஞ்சி இழுப்பதாக நாம் கருதுகிறோம். உண்மை வேறு. நம்மைச் சூழ்ந்துள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்கு ஈடாக அழுத்திக்கொண்டே இருக்கிறது. 1643-ஆம் ஆண்டில் இத்தாலியர் டாரிசெல்லி இவ்வழுத்தம் ஏறத்தாழ 760 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாங்கும் எனக் காட்டினார். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அழுத்துவதால் நாம் அதனை உணர்வதில்லை.

குழாயினுள் இருக்கும் காற்றில் ஒரு பகுதியைப் பம்பு வெளியேற்றிவிட்டால் உள்ளழுத்தம் குறைகிறது. சிறு படகுகளில் இக்குறைவு பாதரசக் கணக்கில் ஏறத்தாழ 10 அங்குலம், அஃதாவது 250 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மொத்தக் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். பெரிய கப்பல்களில் இதைவிடச் சற்று மிகுதி. பீங்கானின் அடியிலுள்ள மூடி திறந்தவுடன் அறையிலுள்ள காற்று உள்ளே பாய்கிறது. பாயும் காற்றே கழிவையும் தள்ளிக்கொண்டு போகிறது. கழிவைக் கொண்டு செல்லும் வேலையைக் காற்று செய்வதால் நீர் பீங்கானைக் கழுவுவதற்கு மட்டுமே வேண்டும். சாதாரணக் கழிப்பறை ஒரு முறைக்கு 6 லிட்டரோ அதற்கு மேலோ நீர் கொள்ளும். கப்பலின் வெற்றிடக் கழிப்பறைக்கு ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் போதும். சிறு படகில் அரை லிட்டர் அளவே போதும்.

இதன் பயனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு படகில் நால்வர் இருப்பதாகவும், ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து முறை கழிப்பறையைப் பயன்படுத்துவதாகவும் கொள்வோம். இருபது முறைக்கு அரை லிட்டர் வீதம் 10 லிட்டர் நீர் செலவாகும். 6 லிட்டர் வீதமாயின் 120 லிட்டர். நூறு லிட்டர் கொள்ளும் கழிவுத் தொட்டி முதல் முறையில் ஏறத்தாழ ஒரு வாரம் தாங்கும். இரண்டாம் முறையில் ஒரு நாள் கூடத் தாங்காது.

தொட்டி நிறைந்தால் கடலில் கொட்டிவிடலாமே எனின், அதற்கும் வரம்பு உண்டு. கப்பல்களால் கடல் மாசுறுவதைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கையின் நான்காம் இணைப்பு 2003-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 400 டன்னும் அதற்கு மேற்பட்ட கொள்ளளவும் உடைய கலங்களும், 15 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லச் சான்று பெற்ற கலங்களும் பன்னாட்டுப் பயணத்தில் இதற்குக் கட்டுப்பட்டவை. இதன்படி, அரைத்துக் கிருமி நீக்கிய கழிவைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பாலும், அவ்வாறு செய்யப்படாததை 12 கடல் மைலுக்கு அப்பாலும்தான் வெளியேற்றலாம். அதுவும் கப்பல் 4 நாட்டிற்குக் குறையாத வேகத்தில் செல்கையில் சிறிது சிறிதாகவே விட வேண்டும். ஆகவே, கலத்தில் கழிவைக் குறைவாகச் சேர்ப்பதும் பத்திரமாகச் சேர்த்து வைப்பதும் இன்றியமையாதன ஆயின.

உறுப்புகள்

சிறு படகின் வெற்றிடக் கழிப்பறையில் கருதத்தக்க உறுப்புகள் ஐந்து.

ஒன்று, பீங்கான். அதன் அடியில் அரைக்கோள வடிவில் ஒரு மூடி இருக்கும். காலால் மிதியை அழுத்தினால் அது திறக்கும். மிதியை விட்டால் மூடிக்கொள்ளும். மூடியைச் சுற்றி ரப்பர் போன்ற பொருளாலான வளையம் ஒன்று காற்றுப் புகாமல் காக்கும். இதனைக் கடைகளில் 'சீல்' என்பர். நாம் இறுக்கு வளையம் எனலாம்.

இரண்டு, வெற்றிடத் தொட்டி. காற்றழுத்தம் குறைந்த நிலையைச் சேமித்து வைக்கும் இடம் இது. இதன் மேல் அழுத்தத்தை உணரும் ஒரு மின்விசை உண்டு. உள்ளே அழுத்தம் ஏறினால் அவ்விசை பம்பை ஓடச் செய்யும். வேண்டிய அளவு குறைந்ததும் நிறுத்திவிடும்.

மூன்று, பம்பு. கொல்லன் உலைத் துருத்தியைப் போலச் சுருங்கி விரியும் அமைப்புடையது இது. ஆதலின் துருத்திப் பம்பு என்று இதனை வழங்கலாம்.

நான்கு, வாத்தலகு வால்வுகள். இவை ரப்பரால் ஆனவை. தட்டையாகக் கூம்பிய வாத்தின் அலகு போன்ற வாயுடையவை. கழிவு முன்னே செல்லும்போது அலகு திறக்கும். பின்னே திரும்ப முயன்றால் மூடிக்கொள்ளும். பம்பின் இருபுறமும் இவை அமைந்திருக்கும்.

ஐந்து, கழிவுத் தொட்டி. இதிலிருந்து வெளிக்காற்றுக்குச் செல்லும் ஒரு போக்குக் குழாய் உண்டு. துறைமுகத்தில் உறிஞ்சி எடுப்பதற்கான குழாயும் உண்டு.

கசிவின் இருவகை

இனி நம் கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். கசிவு என்றவுடன் நமக்குத் தோன்றுவது சொட்டும் நீரே. குடம் கசிந்தால் தரை நனையும். கூரை கசிந்தால் பாய் நனையும். நனைந்த இடத்தைக் கண்டு ஓட்டையை அறிவோம். வெற்றிடக் கழிப்பறையின் கசிவோ பெரும்பாலும் அத்தகையதன்று.

பீங்கானிலிருந்து பம்பு வரை உள்ள பகுதியில் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் குறைவு. அங்கே ஓர் ஓட்டை ஏற்பட்டால் உள்ளிருப்பது வெளியே வராது. வெளிக்காற்றே உள்ளே புகும். ஒரு துளியும் சொட்டாது. நாற்றமும் எழாது. பம்பிலிருந்து கழிவுத் தொட்டி வரை உள்ள பகுதியிலோ நிலைமை நேர்மாறானது. பம்பு கழிவைத் தள்ளுவதால் அங்கே உள்ளழுத்தம் மிகுதி. அங்கே ஏற்படும் ஓட்டை கழிவையே வெளியே கக்கும். ஓட்டை ஒன்றே. பம்புக்கு முன்னே அது காற்றைக் குடிக்கிறது, பம்புக்குப் பின்னே கழிவை உமிழ்கிறது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பழுது பார்க்கும் வேலையில் பாதி முடிந்துவிட்டது எனலாம்.

வெளியே உமிழும் கசிவைக் கண்ணும் மூக்கும் உடனே அறிந்துவிடும். அதனால் அது நெடுநாள் நீடிப்பதில்லை. உள்ளே குடிக்கும் கசிவோ மாதக்கணக்கில் மறைந்திருக்கும். ஆனால் அதனை வெளிப்படுத்தும் சான்று ஒன்று உண்டு. அதுதான் பம்பின் ஓசை.

பம்பின் ஓசை கூறும் செய்தி

எவ்வளவு நன்றாகப் பொருத்தப்பட்ட அமைப்பிலும் மிகச் சிறிதளவு காற்று நுழைந்துகொண்டுதான் இருக்கும். ஆகையால் எவரும் கழிப்பறையைப் பயன்படுத்தாத நேரத்திலும் மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை பம்பு சிறிது ஓடி ஓய்வது இயல்பு. அதைவிட அடிக்கடி ஓடுமாயின் எங்கோ காற்று புகுகிறது என்று பொருள்.

நாள் ஒன்றுக்கு எட்டு முறை ஓட வேண்டிய பம்பு, பத்து நிமிடத்திற்கு ஒரு முறை ஓடுவதாகக் கொள்வோம். நாள் ஒன்றுக்கு 144 முறை ஆகிறது. பதினெட்டு மடங்கு தேய்மானம். பதினெட்டு மடங்கு மின்செலவு. நங்கூரமிட்டு நிற்கும் படகில் மின்சாரம் பேட்டரியிலிருந்தே கிடைக்கிறது. விடிவதற்குள் பேட்டரி வற்றிவிட்டால் எந்திரத்தைக் கிளப்ப இயலாது. விளக்கும் வானொலியும் இரா. கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றுக் கீற்று கலத்தையே செயலிழக்கச் செய்துவிடும்.

எனவே, படகில் உள்ளோர் ஓர் இரவு முழுவதும் பம்பு எத்தனை முறை ஓடிற்று என்று எண்ணிக் குறித்து வைப்பது நல்ல பழக்கம். மருத்துவர் நாடி பார்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம். நலமாயிருக்கும்போது நாடித்துடிப்பு எவ்வளவு என்று அறிந்தவனே நோயுற்றபோது வேறுபாட்டை உணர்வான்.

கண்டறியும் முறை

கசிவைத் தேடுவதில் ஒழுங்கு வேண்டும். கண்ட இடத்தையெல்லாம் கழற்றுவோர் இருந்த கசிவை நீக்காமல் இல்லாத கசிவை உண்டாக்குவர். பீங்கானில் தொடங்கிப் பம்பை நோக்கிப் படிப்படியாகச் செல்வதே முறை.

முதற்படி, பீங்கானில் சிறிது நீரை நிறுத்தி வைத்துச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தல். நீர் மெல்ல மெல்ல மறைந்துவிட்டால் அடிமூடியின் இறுக்கு வளையமே குற்றவாளி. நீர் வழிந்த வழியே காற்றும் நுழையும். பெரும்பாலான கசிவுகள் இங்கேயே தோன்றுகின்றன. வளையம் கெட்டுப் போயிற்று என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. மூடிக்கும் வளையத்திற்கும் இடையில் மயிரிழையோ தாள் துணுக்கோ சுண்ணப் படிவோ தங்கியிருக்கலாம். மூடியைத் திறந்து நிறுத்தி, வளையத்தின் அடிப்புறத்தை ஒரு சிறு தூரிகையால் தேய்த்துக் கழுவினாலே பலமுறை கசிவு நின்றுவிடும். சுண்ணப் படிவு இறுகியிருந்தால் வினிகரை ஊற்றிச் சில மணி நேரம் ஊறவிட்டுத் தேய்க்கலாம். இவற்றால் தீராவிடின் வளையத்தைப் பிடித்திருக்கும் பட்டையைச் சற்று முறுக்கிப் பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிடின் வளையத்தை மாற்றுவதே வழி.

இரண்டாம் படி, பீங்கானில் நீர் நிலைத்து நிற்கிறது, ஆயினும் பம்பு அடிக்கடி ஓடுகிறது என்னும் நிலைக்கு உரியது. கசிவு அப்பால் உள்ளது என்பது தெளிவு. இப்போது அமைப்பை இரண்டாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். பீங்கானிலிருந்து வரும் குழாயை வெற்றிடத் தொட்டியிடத்தில் கழற்றி, தொட்டியின் வாயை இறுக்கமான அடைப்பானால் மூடிப் பம்பை ஓடவிட வேண்டும். பம்பு ஓய்ந்து நெடுநேரம் அமைதியாக இருந்தால் கசிவு கழற்றிய குழாயில் உள்ளது. அமைதி இல்லையெனில் தொட்டியிலோ பம்பிலோ உள்ளது. இவ்வாறு பாதி பாதியாக ஒதுக்கிச் செல்லும் முறை தருக்க நூலார் விலக்கி அறிதல் என்பதற்கு ஒப்பானது.

மூன்றாம் படி, ஒதுக்கிய பகுதியினுள் இடத்தைக் காணல். குழாய்ப் பொருத்துகளைப் பிடித்திருக்கும் கவ்விகள் கலத்தின் அதிர்வால் தளர்வது வழக்கம். ஒவ்வொன்றையும் திருப்புளியால் முறுக்கிப் பார்க்க வேண்டும். சமையல் எரிவாயுக் குழாயில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்போம். இங்கே குமிழி எழாது. ஏனெனில் காற்று வெளியே வருவதில்லை. ஆனால் முகச்சவரத்திற்குரிய கெட்டி நுரையைப் பொருத்தின் மேல் தடவினால், ஓட்டையுள்ள இடத்தில் அந்நுரை குழிந்து உள்ளே போவதைக் காணலாம். எந்திரங்கள் ஓய்ந்த இரவில் காதை வைத்துக் கேட்டால் மெல்லிய சீறலும் கேட்கும்.

நான்காம் படி, வாத்தலகு வால்வு. நூலோ விதையோ அலகிடையே சிக்கினால் அது முழுவதும் மூடாது. காற்று பின்னோக்கித் திரும்பும். முதலில் சில வாளி தூய நீரை ஊற்றி ஓடவிட வேண்டும். சிக்கியது அடித்துச் செல்லப்படலாம். இல்லையேல் கழற்றிப் பார்க்க வேண்டும். நாள்பட்ட ரப்பர் தளர்ந்து வாய் பிளந்து நிற்கும். அதனை மாற்றியாக வேண்டும். நெடுந்தொலைவு செல்லும் படகினர் இவ்வால்வுகளையும் இறுக்கு வளையத்தையும் எப்போதும் உபரியாக வைத்திருப்பது அறிவுடைமை. நடுக்கடலில் கடை இல்லை.

பம்பு ஓயாது ஓடியும் அழுத்தமே குறையவில்லை என்றால் துருத்தி கிழிந்திருக்கலாம். பம்பு திணறுவது போல ஒலித்தால் கழிவுத் தொட்டி நிறைந்துள்ளதா, அதன் போக்குக் குழாய் அடைபட்டுள்ளதா என்று நோக்க வேண்டும். போக்குக் குழாய் அடைபட்டால் தொட்டியினுள் அழுத்தம் ஏறி, பம்புக்குப் பிந்திய பொருத்துகள் உமிழத் தொடங்கும்.

பீங்கானில் நீர் தானே ஏறிக்கொண்டிருந்தால் அது வேறொரு குற்றம். நீர்வரத்து வால்வில் மணலோ துருவோ தங்கியுள்ளது. கவனிக்காவிடின் நன்னீர்த் தொட்டி முழுவதும் படகினுள் கொட்டிவிடும். ஆகவே, படகை விட்டுச் செல்வோர் நீர்ப்பம்பை நிறுத்திவிட்டே செல்ல வேண்டும்.

கழற்றுமுன் கவனிக்க

எப்பகுதியைக் கழற்றுவதாயினும் முதலில் தூய நீரைப் பலமுறை செலுத்திக் குழாயைக் கழுவ வேண்டும். பின்னர் மின்தொடர்பைத் துண்டித்து, மிதியை அழுத்தி உள்ளழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். கையுறையும் கண்காப்பும் கட்டாயம்.

இவற்றினும் முதன்மையானது காற்றோட்டம். தேங்கிய கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழும். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் அது மூக்கின் உணர்ச்சியையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி அச்சமில்லை என்று எண்ணுகிறவன் அந்நேரத்தில்தான் பேராபத்தில் இருக்கிறான். 2005-ஆம் ஆண்டு செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தில் நின்ற 'மோனார்க் ஆஃப் த சீஸ்' என்னும் பயணக் கப்பலில் கழிவுநீர்க் குழாய் ஒன்றைச் சீர்செய்கையில் இவ்வாயு வெளிப்பட்டுப் பணியாளர் மூவர் உயிரிழந்தனர். நம் நாட்டில் சாக்கடைக் குழிகளில் இறங்கி மாண்டோரின் செய்தியை நாம் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். கடலிலும் கரையிலும் கொல்வது ஒரே வாயுதான். காற்றோட்டமில்லாத அறையில் தனியாக இறங்கிப் பழுது பார்க்க எவரையும் ஏவுதல் கூடாது.

மற்றொன்று, வினிகர் போன்ற அமிலப் பொருளையும் வெளுப்புத் தூளையும் ஒருசேர ஊற்றுதல் கூடாது. குளோரின் என்னும் கொடிய வாயு பிறக்கும்.

பெருங்கலங்கள் தரும் பாடம்

சிறு படகில் கண்டவை பெருங்கலத்திலும் உண்டு. அங்கே நூற்றுக்கணக்கான கழிப்பறைகள் ஒரே வெற்றிட நிலையத்தோடு இணைந்திருக்கும். ஒரு கழிப்பறையின் வால்வு திறந்தபடி நின்றுவிட்டால் அப்பகுதி முழுவதற்கும் அழுத்தம் கிடைக்காது. பொறியாளர் ஒவ்வொரு கிளைக் குழாயின் அடைப்பு வால்வையும் முறையே மூடி, அழுத்தமானியின் முள் எப்போது மீள்கிறது என்று பார்த்துக் குற்றமுள்ள கிளையைக் காண்பர்.

அமெரிக்கக் கடற்படையின் 'ஜெரால்ட் ஆர். ஃபோர்டு' உலகின் மிகப் பெரிய போர்க்கப்பல். அதன் வெற்றிடக் கழிப்பறைக் குழாய்கள் எதிர்பாராத வகையில் அடிக்கடி அடைபடுவதாக அந்நாட்டு அரசுக் கணக்காய்வு அலுவலகம் 2020-ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்தது. அடைப்பு நீங்கக் குழாய்களை அமிலத்தால் கழுவுவதற்கு ஒரு முறைக்கு 4 இலட்சம் டாலர் ஆகும் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. கழிவிலுள்ள உப்புகள் குழாயின் உட்புறத்தில் சுண்ணம் போல் படிந்து வழியைக் குறுக்குவது இவ்வகைக் குழாய்களின் பொதுக் குறை. சிறு படகில் வாரந்தோறும் சிறிது வினிகர் ஊற்றுவதன் அருமை இதனால் விளங்கும்.

இம்முறைக்கு மற்றொரு வலுக்குறைவும் உண்டு. மின்சாரம் இன்றி இஃது இயங்காது. 2013 பிப்ரவரி 10-ஆம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் 'கார்னிவல் டிரையம்ஃப்' என்னும் பயணக் கப்பலின் எந்திர அறையில் தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் மின்சாரம் அற்றுப் போயிற்று. நாலாயிரத்திற்கும் மேற்பட்டோர் இருந்த கலத்தில் பெரும்பாலான கழிப்பறைகள் செயலிழந்தன. 14-ஆம் நாள் மொபைல் துறைமுகத்திற்கு இழுத்து வரப்படும் வரை மக்கள் பிளாஸ்டிக் பைகளைப் பயன்படுத்த நேர்ந்தது. இன்பப் பயணம் எதனால் துன்பப் பயணம் ஆயிற்று என்று உலகம் பேசியபோது, தீயைவிடக் கழிப்பறையையே மிகுதியும் பேசிற்று.

பயன்படுத்துவோர் கடமை

பழுதுகளுள் பெரும்பகுதி பயன்படுத்துவோரின் கவனமின்மையால் விளைவது. வெற்றிடக் குழாய் குறுகலானது. நனைந்தாலும் கரையாத துடைப்புத் துணி, பஞ்சு, உணவுத் துணுக்கு, தலைமயிர், சிகரெட்டுத் துண்டு ஆகியன அதற்குப் பகை. நீரில் எளிதில் கரையும் தாளே போடத்தக்கது. நம்மவரைப் போல நீரால் தூய்மை செய்வோர்க்குத் தாளின் தொல்லை இல்லை. ஆயினும் அந்நீரும் கழிவுத் தொட்டியில்தான் சேரும் என்பதை நினைவிற்கொண்டு அளவறிந்து பயன்படுத்த வேண்டும். பயன்படுத்திய பின் மிதியைச் சில நொடிகள் கூடுதலாக அழுத்தினால் குழாய் தெளியும். பெட்ரோலியம் கலந்த எண்ணெயோ கிரீசோ ரப்பர் உறுப்புகளில் படலாகாது. அவை ரப்பரை ஊதச் செய்து கெடுக்கும். சிலிக்கான் வகைக் கிரீசே ஏற்றது.

ஒருவர் அறியாது போட்ட துணித் துண்டை மற்றொருவர் முழங்கைவரை கையுறை அணிந்து எடுக்க வேண்டியிருக்கிறது. போட்டவர் எவர் என்று அவருக்குத் தெரியாது. எடுத்தவர் எவர் என்று போட்டவருக்கும் தெரியாது. ஒருவரையொருவர் அறியாத இவ்விருவரிடையே உள்ள உறவே பண்பாட்டின் உரைகல் எனலாம்.

முடிவுரை

வெற்றிடக் கழிப்பறையின் கசிவு பெரும்பாலும் வெளியே சொட்டுவதன்று, உள்ளே புகுவது என்பதையும், அதனைக் காட்டிக்கொடுப்பது ஓய்வறியாத பம்பின் ஓசையே என்பதையும், பீங்கானில் தொடங்கி முறையாக ஒதுக்கிச் சென்றால் இடத்தைக் கண்டறியலாம் என்பதையும், கழற்றுமுன் காற்றோட்டத்தை உறுதி செய்வது உயிர் காக்கும் செயல் என்பதையும் இதுகாறும் கண்டோம்.

கப்பற் பணிக்குச் செல்லும் நம் மாணவர்கள் எந்திர அறிவோடு இவ்வறிவையும் உடன்கொண்டு செல்வார்களாக. கரையில் வாழும் நாமும், கழிப்பறை நன்கு இயங்கும் ஒவ்வொரு நாளும் அதன் பின்னே ஒருவரின் உழைப்பு இருக்கிறது என்பதை உணர்வோமாக. அவ்வுழைப்பைத் தாழ்வாக எண்ணும் மனம் நம்முள் எஞ்சியிருக்குமாயின், முதலில் சீர்செய்ய வேண்டிய கசிவு அதுவே ஆகும்.